ஆராதனை நேரத்தில் ஆறாம் அறை

கம்ப்யூட்டருக்கு அப்டேட் போட ஞாயிற்றுக்கிழமை காலையைப் போலத் தோதான நேரம் வேறு கிடையாது, மேடம். பாளையங்கோட்டையில் எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அப்போது கோயிலில் இருப்பார்கள். "அண்ணாச்சி, பிரிண்டர் ஓட மாட்டேங்கு" என்று யாரும் போன் போட்டு உயிரை வாங்கமாட்டார்கள். நான் ஆராதனைக்கு ஒழுங்காகப் போகாததற்கு இதுதான் காரணம், அவிசுவாசம் இல்லை. குருவானவரிடமே இதைச் சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டார்.

நாற்காலி கொடுத்தீர்கள், தண்ணீர் கொடுத்தீர்கள், நன்றி. யாரும் என்னை மிரட்டி அழைத்து வரவில்லை, நானாகத்தான் ஸ்டேஷன் படியேறி வந்தேன் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் கேள்வி வேண்டாம். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

என் பெயர் பாக்கியசீலன். மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. ஆற்றுக்குப் போகிற வழியில் இருக்கும் முதியோர் இல்லத்தின் கம்ப்யூட்டர்களையும் நான்தான் பார்த்துவந்தேன். என் மனைவி சாரம்மாள் அங்கே தலைமை நர்ஸ். இல்லத்து வளாகத்திலேயே எங்களுக்கு ஒரு வீடு கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கிடையாது.

அந்த இல்லத்தில் ஒவ்வொரு பெரியவர் கழுத்திலும் தீப்பெட்டி அளவில் ஒரு மணி தொங்கும். அதில் ஒரே ஒரு பித்தான். அமுக்கினால் ஆபீசில் இருக்கிற லினக்ஸ் கம்ப்யூட்டருக்குச் செய்தி வரும். அது பணியில் இருக்கிற நர்சின் போனை அடிக்க வைத்து, எந்த அறை என்று சொல்லும். எந்த அறை மணிக்கு யாருடைய போன் என்பது ஒரு கோப்பில் இருக்கும், அறைக்கு ஒரு வரி. அந்தக் கோப்பை எழுதியவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, சென்னையிலிருந்து வந்து மணியை மாட்டிவிட்டுப் போனவர்கள் எழுதியது ஒரு வாரம்கூட ஓடவில்லை.

அப்டேட் போடும்போது லினக்ஸ் ஒரு கேள்வி கேட்கும். இந்தக் கோப்பில் நீ கை வைத்திருக்கிறாய், இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது, உன்னுடையதை வைத்துக்கொள்ளட்டுமா, புதியதைப் போட்டுவிடட்டுமா என்று. மரியாதையான கேள்வி. எப்போதும் என்னுடையதே இருக்கட்டும் என்பேன். ஒரு ஞாயிறு ஏதோ அவசரத்தில் புதியதைப் போடச் சொல்லிவிட்டேன். புதியதில் எங்கள் அறைகள் எதுவும் இல்லை. மணி மொத்தமும் ஊமையாகிவிட்டது.

அது உண்மையாகவே தவறுதான், மேடம். அந்த ஒன்று மட்டும்.

ஞாயிறு ஆராதனை நேரத்தில் இல்லத்தில் நடக்க முடிந்தவர்களை நடத்தியும் மற்றவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளியும் ஜெப மண்டபத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நர்சுகளும் அங்கேதான் இருப்பார்கள். காலி அறைக்கு மணி எதற்கு, அந்த ஒரு மணி நேரம் நின்றால்தான் என்ன என்பது எங்கள் கணக்கு. பிறந்ததிலிருந்து ஞாயிறு என்றால் கோயில் என்றே வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆறாம் அறையில் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு ஒருவர் படுத்திருக்கிறார் என்பது எங்கள் கணக்கில் வரவே இல்லை.

அவர் பெயர் சிவசண்முகம். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஏரல் பக்கம். மனைவி இல்லை. மகள் சுகிர்தா ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். இங்கே கவனிப்பு நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டுக் கொண்டுவந்து சேர்த்தாள். ஆராதனை நேரத்தில் அவர் பாட்டுக்குக் கட்டிலில் படுத்தபடி தேவாரம் பாடிக்கொண்டிருப்பார். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை.

நான் கோப்பைத் தொலைத்த அன்று அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, ஆராதனை முடியும்வரை ஈரத்தரையில் கிடந்தார். இடுப்பில் கன்றிப்போனது, எலும்புக்கு ஒன்றுமில்லை. நான் பழைய கோப்பை எடுத்துப் போட்டு எல்லா மணியையும் சோதித்துக் காட்டினேன். வார்டன் எல்லாரிடமும், "அப்டேட்ல இப்படி ஆகுமாம்லா, நம்ம பாக்கியசீலன் உடனே சரி பண்ணிட்டாரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்டேட் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இன்னொன்றும் அன்று நடந்தது. சாரம்மாள் ஒரு பாட்டை முழுதாகப் பாடினாள். ஆபீஸ் ஜன்னல் வழியே கேட்டேன். அவள் பாடகர் குழுவில் இருப்பவள், நல்ல குரல். கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் கோயிலுக்குப் போனேன். ஆனால் இல்லத்தில் சேர்ந்த பிறகு ஒரு பாட்டுக்கூட அவளுக்கு முழுசாகக் கிடைத்ததில்லை. பாதியில் போன் அடிக்கும். ஆறாம் அறையாகத்தான் இருக்கும். மின்விசிறியைக் குறைக்க வேண்டும், தலையணையைத் திருப்ப வேண்டும், அல்லது ஒன்றுமே வேண்டாம். பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு ஓடுவாள்.

அவளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது நிம்மதி வேண்டாமா? நான் நினைத்தது இவ்வளவுதான்.

கோப்பில் ஒரு வரியின் தலையில் ஹாஷ் குறி போட்டுவிட்டால், வரி அங்கேயே இருக்கும், கம்ப்யூட்டர் அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். எதையும் அழிப்பதில்லை. அடுத்த ஞாயிறு முதல் ஆராதனை தொடங்கும்போது ஆறாம் வரிக்குக் குறி போட்டேன், முடியும்போது எடுத்துவிட்டேன். அவர் பித்தானை அமுக்குவது திரையில் பதிவாகும், போன் மட்டும் அடிக்காது. நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பொறுப்பில்லாமல் செய்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

"தாயி, அமுக்கி அமுக்கி விரலு வலிச்சுப் போச்சே, நீ வரலியே" என்று அவர் சாரம்மாளிடம் குறைப்பட்டார். அவள் என்னைக் கேட்டாள். பேட்டரி பலமில்லை என்று சொல்லி, அவர் முன்னாலேயே புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாருப்ப தம்பி" என்றார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். நான் வீட்டில் கூப்பிட்டால் சாரம்மாள் வர நேரமாகும். அலுத்துப்போய் வருகிறவள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மணி அடித்தால் பாதிச் சோற்றில் எழுந்து போவாள். திரும்பி வரும்போது முகத்தில் சலிப்பே இருக்காது. அவர் சொன்ன பழைய கதை ஏதாவது ஒன்றை நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டு வருவாள். தகப்பனில்லாமல் வளர்ந்தவள், அதனால் இருக்கும். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். என்னிடம் அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாகிறது என்று யோசிப்பேன்.

பிறகு அசனப் பண்டிகை வந்தது. வளாகத்தில் பந்தல் போட்டு, அண்டாவில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருக்கும், ஆராதனை முடிந்ததும் எல்லாரும் பந்தியில் உட்காருவார்கள். அந்த ஞாயிறு சாரம்மாள் தனியாக ஒரு பாட்டுப் பாட வேண்டும். முதல் நாள் சாயங்காலம் என்னிடம் வந்து சொன்னாள்.

"ஐயாவுக்கு நெஞ்சு சரியில்லங்க. பக்கத்துலயே ஆள் இருக்கணும்னு டாக்டர் சொல்லுதாவ. நாளைக்கு நான் பாட்டுக்குப் போகல, அங்கனயே இருக்கேன்."

"மணி எதுக்கு இருக்கு? நானும் ஆபீஸ்லதான இருப்பேன். பாத்துக்கிடுதேன், நீ போய்ப் பாடு."

"நெசமா பாத்துக்கிடுவியளா?"

"பாத்துக்கிடுதேன்னு சொல்லுதேன்லா."

என்னை நம்பிப் போனாள். வெள்ளைப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். போகிற வழியில் ஆறாம் அறைக்குள் நுழைந்து, மணியை அவர் கையிலேயே வைத்து, "என்னன்னாலும் அமுக்குங்க ஐயா, ஓடி வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆபீசுக்குப் போய் உட்கார்ந்து ஆறாம் வரிக்குக் குறி போட்டேன். பழக்கத்தில் கை போய்விட்டது என்றுதான் இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அப்படியில்லை. முதல் நாள் அவள் சொன்னதை நன்றாக நினைத்துக்கொண்டுதான் போட்டேன்.

பாட்டு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் திரையில் அறை ஆறு என்று ஒரு வரி வந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு விடாமல் வந்தது. ஆபீசுக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரு வராந்தாதான், எழுந்தால் கையிலிருக்கிற காபி ஆறுவதற்குள் போய்விடலாம். நான் எழவில்லை. "தாயி, தாயி" என்று அவர் கூப்பிடுவதும் கேட்டது.

வாசலில் காவலுக்கு இருந்த நூகு வந்து எட்டிப் பார்த்தான். அவன் முஸ்லிம், ஆராதனைக்குப் போவதில்லை, அதனால் அந்தச் சத்தம் கேட்கிற தூரத்தில் அப்போது இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

"அண்ணாச்சி, ஆறாம் ரூம் ஐயா சத்தம் போடுத மாதிரி கேக்கு. போய்ப் பாக்கட்டா?"

"அவரு தேவாரம் படிக்காருலே. ஞாயித்துக்கெழமன்னா படிப்பாருல்லா. நீ போய் கேட்டைப் பாரு, பந்திக்கு ஆளு வர ஆரம்பிச்சிருவாவ."

அவன் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டான். "ஆமா, பாட்டு மாதிரிதான் இருக்கு" என்று போய்விட்டான். நல்லவன், அவனை இதில் சேர்க்காதீர்கள்.

சாரம்மாள் பாடிக்கொண்டிருந்தாள். அவள் கடைசிச் சரணத்தை முடிக்கட்டும், பிறகு எழுந்து போகலாம் என்று நாற்காலிக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் முடிப்பதற்கு முன்னாலேயே திரையில் வரி ஏறுவது நின்றுவிட்டது. பாட்டு மட்டும் கேட்டது. அவ்வளவு நன்றாக அவள் பாடி நான் கேட்டதில்லை.

குறியை எடுத்தேன். மணி வேலை செய்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டேன். பிறகுதான் அறைக்குப் போனேன். அவர் கட்டிலுக்குப் பாதி வெளியே சரிந்து கிடந்தார், கண் திறந்திருந்தது. கட்டைவிரல் இன்னும் பித்தான் மேல் இருந்தது. பைய எடுத்துவிட்டேன். ஏதோ ஒரு வேலையை முடித்த ஆளைப் போலத்தான் அப்போது நின்றேன், பயமெல்லாம் பிறகுதான் வந்தது.

ஆள் விட்டுச் சொல்லியனுப்பினதும் சாரம்மாள் ஓடி வந்தாள். அழவில்லை, போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அடிக்கவே இல்லையே. கையிலதான வச்சிருந்தேன், அடிக்கவே இல்லையே" என்றாள்.

மணி அடிக்கவில்லை என்று இவள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் மணியை மாட்டிய ஆட்கள் வருவார்கள். இந்த முறை அவர்கள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்ப்பார்கள். குறி எப்போது போட்டது, எப்போது எடுத்தது எல்லாம் உள்ளே பதிந்திருக்கும். அதனால் போனைக் கொடு பார்ப்போம் என்று வாங்கினேன். முதுகைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கிச் சைலண்டில் போட்டேன். பிறகு அவளிடம் காட்டினேன்.

"சைலண்ட்ல போட்டுருக்கியம்மா" என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "பாடப் போற நேரம், மறந்து போட்டுருப்ப. விடு, யார்ட்டயும் சொல்ல வேண்டாம். நான் அப்டேட் கோளாறுன்னு சொல்லிக்கிடுதேன்."

அவள் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள், மேடம். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துவிட்டாள். தவறிய அழைப்பு ஏதும் போனில் இருக்கிறதா என்று பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. 

இல்லத்தில் அப்டேட் என்றேன், சரி என்றார்கள். பெரியவருக்கு வயதாகிவிட்டது, நெஞ்சுவலி, மகளுக்கும் சந்தேகமில்லை. சுகிர்தா வந்தபோது சாரம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா போன்ல உங்களப் பத்திதான் பேசுவாங்க" என்று அழுதாள். சாரம்மாள் அவள் காலில் விழப்போனாள். நான்தான் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

அதன்பிறகு அவள் பாடவில்லை. குழுவிலிருந்து விலகிவிட்டாள். நர்ஸ் வேலையையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளுக்குப் பதில் ஆள் கிடைக்கும்வரை இல்லத்தார் வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. ஆறாம் அறையைப் பூட்டிப் போட்டார்கள். வீட்டில் எந்நேரமும் என்னோடுதான் இருந்தாள், ஆனால் நான் கூப்பிட்டால் அவளுக்குக் கேட்பதே இல்லை. சாப்பிடும்போதுகூடப் போனைத் தட்டுக்குப் பக்கத்தில், சத்தத்தை முழுதாக ஏற்றி வைத்திருப்பாள்.

கொஞ்ச நாளில் அடுத்த அப்டேட் வந்தது. ஒழுங்காகப் போட்டேன், என்னுடைய கோப்பையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். மறு ஞாயிறு ஆராதனை நேரத்தில் சாரம்மாளின் போன் அடித்தது. எடுத்தால், அறை ஆறு.

எனக்கு முதலில் பதற்றமில்லை. அப்டேட்டுக்குப் பிறகு இப்படி ஆகும். பழைய கோப்பின் நகல் எங்காவது ஒளிந்திருக்கும், கம்ப்யூட்டர் அதைப் படித்துவிடும். தேடிப் பிடித்து நகல்களை அழித்தேன். ஆறாம் வரியையும் சாரம்மாளின் எண்ணையும் அடியோடு எடுத்தேன். அடுத்த ஞாயிறும் அடித்தது. அவருடைய மணியை நான்தான் அன்றைக்கே கழற்றி வைத்திருந்தேன், அதிலிருந்து பேட்டரியை எடுத்தேன். அடித்தது. செய்தி வாங்குகிற பெட்டியை மாற்றினேன். அப்டேட்டையே திருப்பி எடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுபோனேன். வேறு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டேன், அதில் ஆறாம் அறை என்று ஒன்று இருப்பதாகவே எழுதவில்லை. எழுதாத வரியை அது படித்தது.

போன ஞாயிறு கம்ப்யூட்டரை அணைத்து, வயரைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டு வீட்டில் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜெப மண்டபத்தில் பாட்டு ஆரம்பித்தது. அவள் போன் அடித்தது. நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். பிடுங்கிய வயர் அப்போதும் என் கையில்தான் இருந்தது, மேடம்.

அவளுக்குப் பயமே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் எழுந்து போகிறாள். பூட்டிய கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, "வந்துட்டேன் ஐயா. நான்தான் சைலண்ட்ல போட்டுட்டேன். வேணும்னு போடல ஐயா, தெரியாமப் போட்டுட்டேன்" என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். ஆராதனை முடியும்வரை அப்படியே நிற்கிறாள். நான் பின்னால் நிற்கிறேன். "வா, வீட்டுக்குப் போலாம்" என்பேன். வேறு எதுவும் எனக்கு வாயில் வரவில்லை. எலும்பும் தோலுமாகப் போய்விட்டாள். இப்படியே போனால் அவள் எனக்கு இருக்கமாட்டாள்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. கோளாறு எதனால் என்று பிடிபடவில்லை என்றால், செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்துக்கொண்டே வர வேண்டும். எதை எடுக்கும்போது நிற்கிறதோ, அதுதான் காரணம். நான் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டேன். உங்களிடமிருந்து மறைத்து வைத்ததுதான் பாக்கி இருந்தது. அதையும் இப்போது எடுத்துவிட்டேன். சிவசண்முகத்தைச் சாக விட்டவன் நான். மணியில் கோளாறு இல்லை, அது நான் வைத்தபடிதான் வேலை செய்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். எந்த ஜெயிலுக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். வழக்கில் என்ன எழுத வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அந்தப் போன் விஷயம் மட்டும் சாரம்மாளுக்குத் தெரிய வேண்டாம். சைலண்டில் போட்டது அவள்தான் என்றே இருக்கட்டும். உண்மை தெரிந்தால் தாங்கமாட்டாள், என் முகத்தில்கூட முழிக்கமாட்டாள். அவள் நிம்மதிக்காகத்தான் நான் இவ்வளவும் செய்தேன், அதைக் கெடுத்துவிடாதீர்கள்.